கம்பியில் கரையும் மின்திறன்

தருமபுரி மாவட்டம் அடிக்கடி வறட்சிக்கு உள்ளாகும் பகுதி. பாலக்கோடு வட்டாரத்துத் தக்காளித் தோட்டங்கள் பெரிதும் கிணற்று நீரையே நம்பியுள்ளன. மின்கம்பத்திலிருந்து தொலைவிலுள்ள கிணற்றுக்கு மெல்லிய கம்பியை இழுத்தால், மோட்டாரை அடையுமுன்னரே மின்னழுத்தம் குறைந்துவிடுகிறது.

இவ்விழப்பைக் கணக்கிட, செருமானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி உதவுகிறது. கம்பியின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் கம்பியில் வீணாகும் மின்திறன் கிடைக்கும்.

கம்பியில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது 30 வோல்ட் குறைகிறது எனக் கொள்வோம்.

மின்தடை = 30 ÷ 10 = 3 ஓம்
வீணாகும் திறன் = 30 × 10 = 300 வாட்

நாளொன்றுக்கு 5 மணி நேரம் நீர் இறைத்தால், 1.5 யூனிட் மின்சாரம் கம்பியைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். அதே உலோகத்தாலான, இருமடங்கு குறுக்குவெட்டுப் பரப்புடைய கம்பியைப் பயன்படுத்தினால் மின்தடை 1.5 ஓம் ஆகும். அதே மின்னோட்டத்தில் இழப்பு 150 வாட்டாகக் குறையும்.

தமிழ்நாட்டில் உழவர்களின் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எனினும், குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். நாளடைவில் அதன் சுருள் கருகும். பழுதுபார்க்கும் செலவும் நீரின்றி வாடும் பயிரின் இழப்பும் உழவரையே சேரும். ஆதலால், கம்பி வாங்குமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.