கம்பியின் கீச்சொலி

கேள்வி: வீட்டில் கித்தார் வாசித்துப் பதிவு செய்கையில் இடையிடையே கம்பி கீச்சிடுகிறது, நிவாரணம் உண்டா?
— வாசகர், நோட்டன் பிரிட்ஜ்

பதில்: மந்தர ஸ்தாயிக் கம்பிகளின்மேல் மெல்லிய உலோக இழை சுருள்சுருளாய்ச் சுற்றப்பட்டிருப்பதால், இடக்கை விரல் அழுத்தம் தளராமல் நகரும்போது அச்சுருள்களில் உராய்ந்து இவ்வொலி ஜனிக்கிறது, விரலின் வேகம் கூடக் கூட அதன் சுருதியும் உயரும். ஆகையால், இடம் மாறுமுன் விரலை நேராக மேலே தூக்கி எடுக்கும் அப்பியாசமே பிரதான பரிகாரம். தங்கள் பிரதேசத்தின் ஓயாத ஈரத்தில் கம்பி விரைவில் துருவேறிச் சொரசொரக்குமாதலால், வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடையுங்கள். பூச்சிட்ட கம்பிகள் உத்தமம். வீணை வித்துவான்கள் விரலில் எண்ணெய் தடவும் வழக்கம் இங்கே வேண்டாம். சுருளிடுக்கில் எண்ணெய் தங்கி நாதம் மங்கிவிடும். மைக்கை 12ஆம் மெட்டருகே வைத்து, இடக்கையை நோக்காமல் உடற்பக்கம் சற்றே திருப்புங்கள். எஞ்சும் கீச்சொலியை அறவே வெட்டாமல் அளவை மாத்திரம் தணியுங்கள். முற்றிலும் துடைத்தெடுத்த வாசிப்பில் மனித ஸ்பரிசம் குன்றிவிடுகிறதென்பதே என் திடமான அபிப்பிராயம்.