உடலின் வரவு செலவு

வாணிகம் புரிவோர் நாள்தோறும் வரவும் செலவும் எழுதி இருப்பைக் கணக்கிடுவர். நம் உடலும் அத்தகையதொரு கணக்கினை நடத்தி வருகின்றது. உண்ணும் உணவு வரவு. உயிர்த்தலும் உழைத்தலும் செலவு. எஞ்சியது கொழுப்பாகத் திரண்டு இருப்பாகின்றது. உடல் பருத்தோர் இவ்விருப்பைக் குறைக்க விரும்பின், வரவினும் செலவு மிகுதல் வேண்டும். அம்மிகுதி எவ்வளவாதல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அளப்பதற்கு அளவை ஒன்று வேண்டுமன்றோ? அது கலோரி எனப்படும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துதற்கு வேண்டிய வெப்பமே உணவு நூலார் கூறும் கலோரியாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியல் அறிஞர் அட்வாட்டர் என்பார், தம் துணைவருடன் சிற்றறை ஒன்றை அமைத்தார். அதனுள் சில நாள் தங்கியோர் உண்ட உணவையும், அவர்தம் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் நுட்பமாக அளந்தார். வரவும் செலவும் ஒத்திருத்தலைக் கண்டார். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், புரதம் 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தரும் என்பது அவர் ஆய்வின் வழி வந்த கணக்கு. எனவே, 15 கிராம் நல்லெண்ணெயில் 135 கலோரி உண்டு.

இனிச் செலவினை நோக்குவோம். அசையாது படுத்திருப்பினும் நெஞ்சு துடிக்கின்றது, மூச்சு இயங்குகின்றது. இவற்றிற்காகும் செலவை மதிப்பிட, 1990ஆம் ஆண்டில் மிஃப்ளின் முதலிய அறிஞர் வாய்பாடு ஒன்று வகுத்தனர். எடையைக் கிலோகிராமில் கொண்டு பத்தால் பெருக்குக. உயரத்தைச் சென்டிமீட்டரில் கொண்டு 6.25ஆல் பெருக்கி அதனுடன் கூட்டுக. வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க. ஆடவராயின் 5 கூட்டுக. மகளிராயின் 161 கழிக்க.

80 கிலோகிராம் எடையும் 170 சென்டிமீட்டர் உயரமும் உடைய 40 வயது ஆடவர் ஒருவரைக் கொள்வோம். வாய்பாட்டின்படி அவர்க்கு 1667.5 கலோரி ஆகின்றது. அவர் பெரும்பாலும் அமர்ந்து பணிபுரிபவராயின், அதனை 1.4ஆல் பெருக்குதல் வேண்டும். ஆகவே அவருடைய ஒரு நாட்செலவு ஏறத்தாழ 2335 கலோரி. அவர் 500 கலோரி குறைத்து 1835 கலோரி உண்பாராயின், ஒரு வாரத்தில் 3500 கலோரி குறையும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரிக்கு ஈடாதலின், வாரந்தோறும் 450 கிராம் அளவு எடை குறையும் எனலாம்.

ஆயினும், இக்கணக்கு என்றும் ஒருபடித்தாய் நில்லாது. அவர் 70 கிலோகிராம் எடையை எய்தும்போது, அவருடைய நாட்செலவு 2195 கலோரியாகச் சுருங்கிவிடும். முன்போல் 1835 கலோரியே உண்டாலும் குறைவு 500 அன்று, 360 மட்டுமே. இதனை அறியாதார், எடை இறங்கும் வேகம் தளர்தல் கண்டு மனம் சோர்ந்து முயற்சியைக் கைவிடுவர். அறிந்தாரோ மீண்டும் எடை பார்த்துக் கணக்கினைத் திருத்திக்கொள்வர்.

‘உணவைப் பெரிதும் குறைத்து விரைவில் மெலிந்தால் என்ன?’ எனச் சிலர் வினவுவர். 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வு இதற்கு விடை தருகின்றது. போரினால் பசியுற்ற மக்களுக்கு உதவும் வழியை அறிய, 36 இளைஞர் தாமே முன்வந்து, 24 வாரம் ஏறத்தாழப் பாதி உணவே உண்டனர். உடல் எடையில் காற்பங்கு குறைந்தது. ஆனால் வலிமையும் உடன் குறைந்தது. நாடி தளர்ந்தது, குளிர் வருத்தியது, சினம் மிகுந்தது. அவர்கள் சிந்தை முழுதும் உணவையே சுற்றிச் சுழன்றது.

மாணவர்களே! மேற்கூறிய கணக்கு வளர்ச்சி முற்றியவர்க்கே உரியது. வளரும் பருவத்தில் எலும்பும் தசையும் உரம்பெற உணவு மிகுதியும் வேண்டும். பிறர் நகையாடினர் என்பதற்காக உண்ணாது வருந்துதல் பெருங்கேடாம். ஐயம் உண்டாயின் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் உரைமின். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மிகையும் குறையும் ஆகிய இரண்டனையுமே நோய்க்குக் காரணமாகக் கூறினார். மிகுதியாக உண்பது போன்றே, உண்ணாதிருத்தலும் அளவு பிறழ்தலே என்பதனை மறவாதிருப்போமாக.