பாண்டு வாத்தியக் குழுவில் சேரப்போகும் தங்கைகளுக்கும் பெற்றோருக்கும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். பாண்டு வாத்தியக் குழுவில் சேர விரும்பும் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவியர் பெயர் கொடுக்கலாம் என்று அதில் இருக்கும். அன்று மாலை பல வீடுகளில் ஒரே கேள்விதான் எழும். “அது என்னத்துக்கு? படிப்பு கெட்டுப் போகாதா?” எங்கள் வீட்டிலும் எழுந்தது. அப்போது பதில் சொல்லத் தெரியாமல் நான் அழுதேன். இப்போது ஓரளவு தெரியும். வருகிற ஆண்டு சேரப்போகும் தங்கைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்தவுடன் டிரம் கைக்கு வராது. முதல் மாதம் முழுவதும் நடைதான். நின்ற இடத்திலேயே லெப்ட், ரைட். பிறகு இரண்டு குச்சிகளைக் கொடுத்து, பலகையில் ஒட்டிய ரப்பர்த் துண்டின்மேல் அடிக்கச் சொல்வார்கள். வீட்டில் தலையணை போதும். ஆனால் தம்பி தூங்கும் தலையணையாக இருக்கக் கூடாது!

முதல் பாடம் இது: வலம், இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம். இதை மெதுவாக நூறு முறை அடித்துப் பாருங்கள். ஒரு சுற்று வலக்கையில் தொடங்கினால் அடுத்த சுற்று தானாகவே இடக்கையில் தொடங்கும். எழுதவும் சாப்பிடவும் வலக்கையையே பழக்கிவிட்ட நமக்கு இடக்கை சோம்பேறி. அதை எழுப்புவதற்காகவே இந்தப் பாடம். வேகம் வேண்டாம், இரண்டு கைகளின் ஓசையும் ஒன்றுபோல் இருந்தால் போதும் என்பார் எங்கள் மாஸ்டர். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்தக் கை அடித்தது என்று அவர் கண்டுபிடித்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

எல்லாருக்கும் சைடு டிரம்தான் வேண்டும். கிடைக்காதவர்கள் முகம் வாடிவிடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய டிரம் இல்லாமல் நாங்கள் நான்கு அடிகூட ஒழுங்காக நடக்க மாட்டோம். ஒவ்வொரு முறை இடக்கால் தரையில் படும்போதும் அது ஒலிக்க வேண்டும். அதைச் சுமப்பவளுக்கு எதிரே கிடக்கும் கல்லும் குழியும் தெரியாது. முன்னால் போகிறவளின் தொப்பியைப் பார்த்தே நடக்கிறாள். பெரிய ஜால்ராவும் எளிதன்று. இரண்டையும் நேருக்கு நேர் தட்டினால் நடுவில் காற்று அடைபட்டு ‘டப்’ என்று செத்த ஓசை வரும். ஒன்றை ஒன்று உரசிச் செல்லும்படி சாய்த்துத் தட்ட வேண்டும். முக்கோணத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத்தான் தட்ட வேண்டும். கையால் பிடித்தால் ஒலி நின்றுவிடும்.

பியூகிளில் விசைகளே கிடையாது. உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரங்களை எழுப்ப வேண்டும். அப்படி வழக்கமாகப் பயன்படுபவை ஐந்தே சுரங்கள். இராணுவத்தின் அழைப்பொலிகள் எல்லாம் இந்தச் சிறிய கணக்குக்குள்தான் அடங்குகின்றன. முதல் வாரம் வெறும் காற்றுதான் வரும், இரண்டாம் வாரம் எருமை கத்துவதுபோல் ஏதோ வரும், உதடு வீங்கும். தாய்மார்கள் பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் சரியாகிவிடும். ஊதும் முனையை மட்டும் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டாம்; ஒவ்வொரு நாளும் கழுவித் துடைக்க வேண்டும்.

விளையாட்டு விழாவில் பெற்றோர் சிலர், “முன்வரிசைப் பிள்ளைகள் அழகாக நடக்கிறார்கள், கடைசி வரிசை கால் மாறி நடக்கிறதே” என்று சிரிப்பார்கள். இதற்கு எங்கள் பௌதிகப் பாடத்திலேயே விடை இருக்கிறது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். அணிநடையில் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை விநாடி. அந்த நேரத்தில் ஒலி 170 மீட்டர்தான் போகிறது. எங்களுக்கு 85 மீட்டர் பின்னால் வருகிறவளுக்கு டிரம் ஓசை கால் விநாடி தாமதமாகக் கேட்கும். அவள் கேட்டபடி சரியாகக் கால் வைத்தாலும், பார்க்கிறவர்களுக்கு அரை அடி பிந்தியதாகவே தெரியும். ஆகவே கடைசி வரிசைத் தங்கைகளைத் திட்டாதீர்கள். அவர்கள் காதை நம்பாமல், முன்னால் இருப்பவளின் காலைப் பார்த்து நடக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பெரிய எதிர்ப்பு பாட்டியிடமிருந்துதான் வந்தது. “பொம்பளைப் பிள்ளை தெருவிலே கொட்டடிச்சுக்கிட்டுப் போறதாவது!” என்றார். கொட்டு என்றால் அதற்கென்று வேறு யாரோ இருக்கிறார்கள் என்று எண்ணி வளர்ந்தவர் அவர். அந்தப் பேச்சுக்குள் சாதியும் இருந்தது எனக்கு அன்று புரியவில்லை. பிறகு புரிந்தபோது வெட்கமாக இருந்தது. அவரோடு நான் வாதாடவில்லை. நாங்கள் வாசிக்கும் ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற மெட்டின் கதையை ஒருநாள் சொன்னேன். அது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் அணிநடைப் பாட்டு. மெட்டமைத்தவர் ராம் சிங் தாகுரி. அந்த இராணுவத்தில் 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படை என்று பெண்களுக்கென்றே ஒரு படை அமைந்தது. அதன் தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. படையில் சேர்ந்தவர்களில் பலர் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “தோட்டத்துப் பிள்ளைகளா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய சித்தி ஒருவர் மலேயாவுக்குப் போய்த் திரும்பாதவர்.

இக்காலத்தில் பெண்கள் குழு புதுமையன்று. 2025 ஜனவரியில் புதுடில்லியில் நடந்த தேசியப் பள்ளி பாண்டுப் போட்டியில் மாணவியருக்கென்று தனிப் பிரிவுகளே இருந்தன.

இனிப் பெற்றோர் கேட்கும் செலவுக் கணக்கு. வாத்தியங்களும், இறகு வைத்த தொப்பியும், தோள்பட்டையும் பள்ளியுடையவை. வெள்ளைக் கான்வாஸ் காலணி, காலுறை, கையுறை மட்டும் நம்முடையவை. அவற்றையும் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. விலகிச் செல்லும் அக்காமார் தங்கள் காலணிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் மூன்று ஆண்டும் போட்டது ஓர் அக்காவின் காலணியைத்தான். விரல் நுனியில் பஞ்சு வைத்துத் தொடங்கினேன், இந்த ஆண்டு பஞ்சு தேவைப்படவில்லை.

நேரம்: வாரத்தில் மூன்று நாள் மாலை நான்கு முதல் ஐந்து வரை. ஆகஸ்ட் 15, விளையாட்டு விழா, பள்ளிப் பாதுகாவலியின் திருநாள், ஜனவரி 26 ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களில் காலையிலும் உண்டு. அந்த நாட்களில் தயவுசெய்து பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். நேரமாகிவிட்டது என்று காப்பியோடு ஓடி வருகிறவர்கள்தான் கொடிக்கம்பத்தடியில் மயங்கி விழுகிறார்கள். இரண்டு இட்டிலி போதும். உடல்நலமில்லாத நாட்களில் சிஸ்டரிடம் மெல்லச் சொன்னால் நிழலில் உட்கார வைப்பார்கள். காரணம் கேட்க மாட்டார்கள்.

படிப்பைப் பற்றி உண்மையையே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் எனக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. அப்பா டிரம் குச்சிகளை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பயிற்சியால் குறைந்ததா என்று யோசித்தேன். பயிற்சி ஐந்து மணிக்கு முடிகிறது. வீட்டுக்கு வந்தபின் ஏழு மணிவரை களைப்பு என்று சொல்லிக்கொண்டு நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அதை அப்பாவிடம் நானே ஒப்புக்கொண்டேன். கணக்கை விடியற்காலைக்கு மாற்றினேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுக் குச்சிகளைத் திருப்பிக் கொடுத்தார். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல மாட்டேன். என் தோழி ஒருத்தி இடையிலேயே விலகினாள். அவளுக்கு அதுதான் சரியாக இருந்தது.

எட்டாம் வகுப்பில், என் முதல் ஆகஸ்ட் 15 அன்று, மேடையைக் கடக்கும்போது வலக்கைக் குச்சி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன். பின்னால் வந்தவள் என்மேல் மோதினாள், அவள்மேல் அடுத்தவள். விழாவுக்கு வந்திருந்த எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அம்மா அருகில் வந்து, “இன்னொரு குச்சி கையிலேயே இருந்ததே, அதை வைச்சு அடிச்சுக்கிட்டே போயிருக்கலாமே?” என்றார். மறுநாள் மாஸ்டரும் அதையே சொன்னார். அம்மாவுக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. அதற்குப் பின் இரண்டு முறை குச்சி விழுந்திருக்கிறது. ஒற்றைக் குச்சியோடு நடந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

பத்தாம் வகுப்பினர் குடியரசு தினத்தோடு விலகிவிட வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். 52 விநாடி தேசிய கீதம் முடிந்தது, தோள்வாரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

என்னுடையது நான்காம் எண் டிரம். அதை எடுத்துக்கொள்ளப் போகும் தங்கைக்கு: கீழ்ப்பக்கக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது, மற்றவை போதுமான அளவு கரகரக்கும். இடப்பக்கத்து இரண்டாம் திருகு தளரும் குணமுடையது. ஒவ்வொரு முறையும் சாவியால் அரைச் சுற்று முடுக்கிக்கொள். முழுச் சுற்று வேண்டாம், தோல் கிழிந்துவிடும். சாவி பெட்டியின் மூடிக்குள் நூலில் கட்டியிருக்கிறது. காலணியும் அங்கேதான் இருக்கிறது, பஞ்சோடு.