டிஷ் பார்க்கும் திசை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் தொலைவில் கிடப்பது நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஆனாலும் டிஷ் வைத்த வீட்டில் படம் வருது. எப்படியென்று பார்ப்போம்.

நம்ம லயத்துக் கூரைக்கு வருவது போலத்தான், வானத்திலிருந்து. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதனால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். டிஷ்ஷைத் திருப்பத் தேவையில்லை. 1945இல் இந்த யோசனையை எழுதிய ஆதர் சி. கிளார்க் பின்னர் இலங்கையிலேயே வாழ்ந்தார்.

நெடுந்தீவு தட்டைத் தரை, வானம் திறந்து கிடக்கும். நமக்கோ மலையும் மரமும் மறைக்கும். செய்மதி இருக்கும் பக்கம் வெளியாக இருக்கான்னு பார்த்தே டிஷ் பொருத்தணும். கனமழையில் படம் உடைந்தால், டிஷ் கெட்டுப்போச்சென்று கூரையில் ஏறிடாதீங்க. மழைத்துளி அலையை விழுங்குது. மழை விட்டதும் படம் தானாக வரும்.