தம்பிக்கு அந்த காலேஜ் கிடைக்குமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



வேலைக்குச் சேர்ந்து மூணு, நாலு வருஷம் ஆன பலருக்கு முதல் பெரிய செலவு காரோ வீடோ இல்லை. பிளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கச்சியோட காலேஜ்தான். "நீ சம்பாதிக்கிற, நீயே பார்த்து முடிவு பண்ணுப்பா"ன்னு அப்பா சொல்லிடுவார். ஒரு பக்கம் கோச்சிங் சென்டர்ல இருந்து போன், இன்னொரு பக்கம் "இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி"ன்னு ஒருத்தர். பாசத்துல செக் எழுதிடுவோம். அதோட இஎம்ஐ அஞ்சு வருஷம் நம்ம சம்பளத்துல ஓடும்.

அதனால ஒரே ஒரு பழக்கம் சொல்றேன். முதல்ல அட்மிஷன் சான்ஸ் எவ்வளவுன்னு பேப்பர்ல எழுதுங்க. அப்புறம்தான் செக். இன்ஜினியரிங் அட்மிஷனை வெச்சே பார்க்கலாம்.

1. மார்க் இல்லை, ரேங்க்தான் முக்கியம்

தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. தம்பி கணக்குல 96, இயற்பியல்ல 88, வேதியியல்ல 92 எடுத்தா, கட்-ஆஃப் 96 + 44 + 46 = 186.

இந்த 186 நல்ல மார்க்கா? அதை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. பேப்பர் ஈஸியா இருந்த வருஷத்துல 190-க்கு மேல கூட்டம் அதிகமா இருக்கும். அப்போ அதே 186-க்கு ரேங்க் கீழ போயிடும். பேப்பர் கஷ்டமா இருந்தா அதே மார்க் மேல நிக்கும். "போன வருஷம் 187-க்கு கிடைச்சுது, நம்மளுக்கும் கிடைச்சிடும்"னு போடற கணக்கு இங்கதான் உடையுது.

கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த காலேஜ்ல, அந்தப் பிரிவுல, நம்ம வகுப்புல கடைசி சீட் எந்த ரேங்க்ல முடிஞ்சுது? ஒரு வருஷம் போதாது, மூணு வருஷம் பாருங்க. உதாரணத்துக்கு, 2,900, 3,100, 2,700-ல முடிஞ்சிருக்குன்னு வெச்சுக்குவோம். தம்பி ரேங்க் 2,500-ன்னா கிட்டத்தட்ட உறுதி. 2,900-ன்னா பாதிக்குப் பாதி. 3,600-ன்னா அது ஆசை மட்டும்தான்.

ஜேஇஇ மெயின்ல இந்தக் குழப்பம் இன்னும் பெருசு. "99 பர்சென்டைல்"னு கேட்டா ஐஐடியே வந்துட்ட மாதிரி இருக்கும். 2024-ல இந்தத் தேர்வை ஏறக்குறைய 14 லட்சம் பேர் எழுதினாங்க. அதுல 1 சதவீதம்னா 14,000 பேர். அதாவது 99 பர்சென்டைல் எடுத்தவருக்கு முன்னாடி சுமார் 14,000 பேர் நிக்கிறாங்க. 95 பர்சென்டைல்னா 70,000 பேர். ஐஐடிக்கு அதுக்கு மேல அட்வான்ஸ்டு தேர்வு தனியா இருக்கு. எல்லா ஐஐடியும் சேர்த்தே சீட் 18,000-ஐ ஒட்டித்தான். பர்சென்டைலை ரேங்க்கா மாத்திட்டு அப்புறம் பேசுங்க.

2. எந்த வரிசையில நிக்கிறோம்?

தமிழ்நாட்டுல இட ஒதுக்கீடு 69 சதவீதம். பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி. அது யாருக்கும் தனியா ஒதுக்கினது இல்லை, எல்லாருக்கும் பொது. ரேங்க் நல்லா இருந்தா பிசி மாணவருக்கும் எஸ்சி மாணவருக்கும் அதுலயே சீட் கிடைக்கும். அதனால பொது ரேங்க், வகுப்பு ரேங்க் ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

அரசுப் பள்ளியில 6-ம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்சிருந்தா 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. அதுல சேர்ந்தா கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏத்துக்குது. வீட்டுல யாராவது அரசுப் பள்ளியில படிச்சா முதல்ல இதைப் பாருங்க.

திருச்சி என்ஐடி மாதிரி இடங்கள்ல பாதி சீட் அந்தந்த மாநில மாணவர்களுக்கு. அதனால அகில இந்திய கடைசி ரேங்க்கைப் பார்த்து பயப்படாம, "ஹோம் ஸ்டேட்" கடைசி ரேங்க்கைப் பாருங்க.

ஒரு விஷயம் உங்களையே தொடுது. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை உங்களுக்குக் கிடைச்சிருக்கலாம். ஆனா நீங்க டிகிரி முடிச்சிட்டதால தம்பிக்குக் கிடைக்காது. பட்ஜெட்ல அதைச் சேர்த்துடாதீங்க.

3. மூணு பட்டியல் போடுங்க

கனவு, பொருத்தம், உறுதி. கனவுல சான்ஸ் 20 சதவீதத்துக்குக் கீழ, பொருத்தத்துல பாதிக்குப் பாதி, உறுதியில 90-க்கு மேல. ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது மூணு காலேஜ். பக்கத்துலயே நாலு வருஷ மொத்தச் செலவையும் எழுதுங்க. ஃபீஸ் மட்டும் இல்லை, விடுதி, சாப்பாடு, ஊருக்குப் போய் வர்றது, லேப்டாப் எல்லாமே.

இங்க நிறைய பேர் ஒரு கணக்கைத் தப்பா போடுறாங்க. "30 சதவீத சான்ஸ் உள்ள காலேஜ் மூணு இருக்கு, மொத்தம் 90 சதவீதம்"னு கூட்டிடுவாங்க. அது செல்லாது. மூணுக்கும் பார்க்கப்போறது அதே ஒரு ரேங்க்தான். ரேங்க் சரிஞ்சா மூணும் சேர்ந்தே போகும். ஒரே பங்குகளை வாங்கி வெச்சிருக்கிற மூணு மியூச்சுவல் ஃபண்டுல பணத்தைப் பிரிச்சுப் போட்ட மாதிரி. உண்மையான பாதுகாப்பு வேணும்னா வேற வேற வாசல் வேணும். மாநில கவுன்சலிங் ஒண்ணு, ஜேஇஇ ஒண்ணு, கலை அறிவியல் படிப்புக்கு க்யூட் ஒண்ணு.

சாய்ஸ் ஃபில்லிங்ல "கிடைக்கும்"னு தோணுற காலேஜை முதல்ல போடாதீங்க. உங்க ரேங்க்குக்குக் கிடைக்கிறதுல பட்டியல்ல எது மேல இருக்கோ, சிஸ்டம் அதைத்தான் கொடுக்கும். அதனால பிடிச்ச வரிசையிலயே போடுங்க. கனவை மேல வெச்சா நஷ்டம் இல்லை. உறுதியை மேல வெச்சா கனவு கையைவிட்டுப் போயிடும்.

4. இப்போ பணம்

*சீட் புக்கிங்:* ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி கட்டுற பணம் இன்சூரன்ஸ் மாதிரி. உறுதிப் பட்டியல்ல மூணு காலேஜ் இருந்தா அந்த இன்சூரன்ஸே தேவையில்லை. கட்டித்தான் ஆகணும்னா ரசீது வாங்குங்க. 2024-25 கல்வியாண்டுக்கு யூஜிசி சொன்ன விதிப்படி, செப்டம்பர் 30-க்குள்ள ரத்து செஞ்சா முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கணும். அக்டோபர் 31 வரைக்கும்னா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்கக் கூடாது. நீங்க சேர்ற வருஷத்துக்கான தேதியைப் பார்த்துக்குங்க. ரசீது இல்லாத "டொனேஷனை" எந்த விதியும் திருப்பி வாங்கித் தராது. நன்கொடை வசூலிக்கிறதைத் தடை செய்யற சட்டம் தமிழ்நாட்டுல 1992-லயே வந்தாச்சு.

*ஒரு வருஷம் திரும்ப எழுதறது:* கோச்சிங் 1.5 லட்சம், விடுதி 1.2 லட்சம்னு வெச்சுக்குவோம். ஒரு வருஷம் தள்ளிப்போற சம்பளம் 4 லட்சம். மொத்தம் 6.7 லட்சம். இதனால சான்ஸ் 10-ல இருந்து 25 சதவீதமா ஏறுதுன்னா, நீங்க வாங்குறது 15 சதவீதக் கூடுதல் வாய்ப்பு. அந்த விலை சரியா இல்லையான்னு குடும்பமா முடிவு பண்ணுங்க. விலை தெரியாம மட்டும் வாங்காதீங்க. ஜேஇஇ அட்வான்ஸ்டை அடுத்தடுத்த ரெண்டு வருஷம் மட்டும்தான் எழுதலாம். அதனால முதல் தடவை எழுதினவங்களுக்கு அந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. கோச்சிங் சென்டர் போஸ்டர்ல 40 முகம் இருந்தா, "மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தாங்க?"ன்னு கேளுங்க. தம்பியோட மாக் டெஸ்ட்லயும் பெஸ்ட் ஸ்கோரை விடுங்க, கடைசி அஞ்சு டெஸ்டோட சராசரியைப் பாருங்க.

*கடன்:* நம்ம ஆளுங்க அதிகமா ஏமாறுற இடம் இது. நீங்க உங்க பேர்ல கல்விக் கடன் வாங்கி தம்பியைப் படிக்க வெச்சா, வட்டிக்கு 80-ஈ கழிவு கிடைக்கும்னு நினைக்கிறாங்க. கிடைக்காது. அந்தக் கழிவு உங்க படிப்பு, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், இல்லை நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர், இவங்களுக்கு மட்டும்தான். உடன்பிறந்தவங்க அதுல வரமாட்டாங்க. 80-சி-ல டியூஷன் ஃபீஸும் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். புதிய வரி முறையில இருந்தா ரெண்டுமே கிடையாது.

பர்சனல் லோன் இன்னும் மோசம். 5 லட்சம், 14 சதவீதம், 5 வருஷம்னா மாதம் சுமார் 11,630 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 2 லட்சம். அதுவும் தம்பி முதல் செமஸ்டர்ல இருக்கும்போதே ஆரம்பிச்சிடும்.

அதுக்குப் பதிலா கல்விக் கடனை மாணவர் பேர்லயே, அப்பா அல்லது அம்மாவோட சேர்த்து வாங்குங்க. பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் இஎம்ஐ கிடையாது. வேலைக்குப் போனதும் தம்பியே கட்டுவார். பழைய வரி முறையில இருந்தா 80-ஈ அவருக்கு 8 வருஷம் கிடைக்கும். முடிஞ்சா படிக்கும்போதே வட்டியை மட்டும் நீங்க கட்டுங்க, அசல் மேல அது ஏறாது. தரவரிசையில முன்னாடி இருக்கிற நிறுவனங்கள்ல சேர்றவங்களுக்கு பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்துல அடமானமும் ஜாமீனும் இல்லாம கடன் கிடைக்குது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருந்தா, 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு.

ஐஐடி, என்ஐடி ஃபீஸைப் பார்த்து பட்டியல்ல இருந்தே தூக்கிடாதீங்க. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ உள்ளவங்களுக்கும் டியூஷன் ஃபீஸ் முழுசா தள்ளுபடி. 1-ல இருந்து 5 லட்சம் வரைக்கும்னா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி.

இந்த ஞாயித்துக்கிழமை

தம்பியோடயும் அப்பா அம்மாவோடயும் ஒரு மணி நேரம் உட்காருங்க. மூணு பட்டியல், ஒவ்வொண்ணுக்கும் சான்ஸ், மொத்தச் செலவு. கடைசியா, நீங்க மாதாமாதம் எவ்வளவு தர முடியும்னு ஒரே ஒரு எண். உங்க எமர்ஜென்சி ஃபண்டையும் டெர்ம் இன்சூரன்ஸையும் தொடாம வர்ற எண்ணா அது இருக்கட்டும்.

அந்த எண்ணைத் தம்பிக்கு மறைக்க வேண்டாம். "உனக்காக எவ்வளவு செலவு பண்றேன் தெரியுமா"ன்னு பரீட்சைக்கு முதல் நாள் சொல்றது அவனுக்குப் பாரம். "கனவு கிடைச்சா இவ்வளவு, கிடைக்கலைன்னா இந்தக் காலேஜ், அதுக்கும் பணம் ரெடி"ன்னு இப்பவே சொல்லிட்டா, அவன் நிம்மதியா போய் எழுதுவான்.