விசேஷம் ஏதும் உண்டா?

சென்ற மாதம் உறவுக்காரப் பெண்ணொருத்தியின் வளைகாப்பில், விவாகமாகி எட்டு மாதமே ஆன இன்னொரு பெண்ணின் கையைப் பற்றிக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே, "உனக்கு விசேஷம் ஏதும் உண்டாடி?" என்று பெரியம்மா ஒருவர் கேட்க, அவள் "இன்னும் மனசு தயாராகல, பெரியம்மா" என்று தணிந்த குரலில் சொன்னாள், உடனே சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொல்லத் தொடங்கினார்கள். அவற்றில் அனுபவமும் இருந்தது, அசட்டுத்தனமும் இருந்தது.

"முப்பதைத் தாண்டினால் அவ்வளவுதான்" என்றார் ஒருவர். முப்பதாவது பிறந்தநாளன்று யாரும் கதவைச் சாத்திவிடுவதில்லை. கருத்தரிக்கும் சக்தி படிப்படியாகக் குறைந்து, 35 வயதுக்குப் பின் சற்று வேகமாகக் குறைகிறது. ஆண்களுக்கும் பிராயம் ஏறுகிறது என்பதை ஏனோ வளைகாப்புகளில் யாரும் பிரஸ்தாபிப்பதில்லை.

"உண்டான பிறகு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இன்னொருவர் வாக்கு. சிசுவின் மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் உருக்கொள்ளும் நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள், அதாவது நாள் தள்ளிப்போயிற்றே என்று தாயானவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கும் சமயத்திலேயே, மூடிக்கொண்டுவிடுவதால், தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தேனும் உட்கொள்ளும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை இவற்றைப் பரிசோதித்துக்கொள்வதற்கும் அதுவே உசிதமான காலம். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்குமாகையால், சிகரெட்டை விட எண்ணும் கணவனும் அந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது.

பிறகு, எல்லோரும் தலையசைத்து ஆமோதித்த வாக்கியம் வந்தது: "ஒரு குழந்தை பிறந்துட்டா புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் பறந்துபோயிடும்." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்த சிசு இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கேட்கும். அதற்கு இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. என் மூத்தவன் பிறந்த புதிதில், விட்டத்தில் கட்டிய தூளியின் கயிறு கிறீச்சிட, கொடியில் உலராத துணிகள் முகத்தில் உரச, ஈரத்துணியை மாற்றுவது யார் முறை என்று இரவு இரண்டு மணிக்கு நாங்கள் போட்ட சண்டைக்கு, அதற்கு முந்தைய மூன்று வருஷத்துச் சண்டைகள் அனைத்தையும் சேர்த்து நிறுத்தாலும் எடை போதாது. இருக்கிற விரிசலைக் குழந்தை அடைப்பதில்லை. தூக்கமின்மை அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்பதற்கும் ஒரு வார்த்தை. சட்டம் கொஞ்சம் ஊற்றுகிறது: மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையில் துணி மடிக்கிற பெண்ணை அந்தச் சட்டம் எட்டுவதில்லை. அதற்காக, வீடு கட்டி முடித்துக் கடைசித் தவணையையும் கட்டிவிட்டுத்தான் என்று காத்திருப்பதும் இன்னொரு மூடநம்பிக்கையே. வேண்டியது ஆறு மாதம் ஒரு சம்பளம் நின்றாலும் அடுப்பெரியுமா என்ற கணக்கு. பக்கத்தில் கைகொடுக்க ஆளிருக்கிறதா என்ற விசாரணை.

"பெத்தவுடனே பாசம் தானா சுரக்கும்" என்றதற்கு மட்டும் எனக்குக் கோபமே வந்தது. பிரசவித்தவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் மனநலக் கோளாறால், முக்கியமாக மனச்சோர்வால், அவதிப்படுகிறார்கள் என்றும், நம்முடையதைப் போன்ற வளரும் நாடுகளில் அது இருபதை நெருங்குகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது சிகிச்சையால் தீரும் நோய்; பாசக்குறைவு அல்ல.

பந்தியில் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தயாராயிட்டோம்னு எப்படித் தெரியும், அத்தை?" என்று கேட்டாள். ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது என்று இன்றைக்கே அவரிடம் கேட்டுப் பார், அதில் பாதி தெரிந்துவிடும் என்றேன். அவள் புளியோதரையைப் பிசைந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரே, அத்தை!" என்றாள்.