மண்ணுக்குள் ஒரு முதல்: மொன்றியற் காட்டின் வசந்த மலர்கள்

கார்த்திகைப்பூவை அறியாதவர் எம்மில் இரார். மாரி மழை தொடங்க வேலியோரத்தில் தானாக முளைத்து, இலை நுனியாற் பற்றி ஏறிப் பூக்கும். கோடையில் இருந்த இடமே தெரியாது. ஆனால் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். சங்க நூல்கள் கூறும் காந்தள் இதுவே. திருமுருகாற்றுப்படையில் முருகப்பெருமான் சூடுவதும் காந்தட் கண்ணியே.

இதனைத் தாவரவியலார் நெடுங்காலம் லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தனர். அப்பெருங்குடும்பம் இன்று பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. எனினும் அதன் பழைய உறவினர் சிலர் நாம் வாழும் மொன்றியலிலும் உள்ளனர்.

பனி கரைந்தபின், மேப்பிள் மரங்கள் இலை விடுமுன், சில வாரங்களே காட்டுத் தரையில் நல்ல வெயில் படும். மஞ்சள் நிற ட்ரவுட் லில்லி அதற்குள் இலை விட்டு, பூத்து, வருடம் முழுவதற்குமான உணவைக் கிழங்கிற் சேர்த்துவிடும். கோடை நிழல் மூடும்போது அதன் இலை மறைந்துவிடும். ட்ரவுட் மீனின் மேனிபோல இலையிற் புள்ளிகள் இருப்பதால் இப்பெயர். ஒற்றை இலையுள்ள செடி பூக்காது. பல வருடம் சேமித்து இரண்டு இலை விட்ட பின்னரே பூக்கும். அதன் விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துண்டுக்காக எறும்புகள் விதையை இழுத்துச் சென்று பரப்புகின்றன.

அடுத்தது மூன்று இலை, மூன்று இதழ் கொண்ட ட்ரிலியம். வெள்ளை ட்ரிலியம் 1937 முதல் ஒன்ராறியோ மாகாணத்தின் மலர். விதையிலிருந்து அது பூப்பதற்கு ஏழு வருடமோ அதற்கு மேலோ செல்லும். பூவைக் காம்போடு பிடுங்கினால் மூன்று இலைகளும் சேர்ந்தே வந்துவிடும். பின்னர் கிழங்குக்கு உணவு சேர்க்க எதுவுமில்லை.

எமது முதலாவது வசந்தத்தில் நாமே இப்பிழையைச் செய்தோம். வெள்ளிக்கிழமைப் பூசைக்கென்று மவுண்ட் றோயலில் ஒரு பிடி வெள்ளைப் பூ ஆய்ந்தோம். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், பாதிதான் விளங்கியது. ஏழு விரல்களை விரித்துக் காட்டினார். அதன் பொருள் பின்னரே புரிந்தது. பூக்களோ வீடு வருமுன்பே வாடிவிட்டன.

மூன்றாவது, ஐ தே புவா எனப்படும் காட்டுப் பூண்டு. மக்கள் இதனை அளவின்றிக் கிண்டி விற்றதால் கியூபெக் அரசு 1995இல் பாதுகாக்க வேண்டிய இனமாக அறிவித்தது. விற்பனை முற்றாகத் தடை. பூங்காக்களுக்கு வெளியே, சொந்த உணவுக்கு ஒருவர் வருடத்திற்கு 50 பூண்டு வரையே எடுக்கலாம். 2005 முதல் வெள்ளை ட்ரிலியத்திற்கும், ஆற்றோர ஈரநிலங்களிற் பூக்கும் கனடா லில்லிக்கும் காப்பு உண்டு. காட்டில் வளர்ந்த அவற்றுள் ஒன்றைத்தானும் விற்கலாகாது. நகரப் பூங்காக்களில் எதனையும் பறிக்கக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. காட்டுப் பூண்டின் இலையைப் போலவே இலையுள்ள நச்சுச் செடிகளும் இங்குண்டு. கார்த்திகைப்பூக் கிழங்கு நஞ்சென்று ஊரிற் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். இங்கும் அவ்வாறே சொல்லிக் கொடுப்போம்.

கணக்கெழுதும் தொழிலில் இருக்கும் எமக்கு இச்செடிகள் பழகிய பாடத்தையே கற்பிக்கின்றன. கிழங்கு முதல், பூ அதன் வட்டி. வட்டி குறைந்தால் அடுத்த வருடம் ஈடுசெய்யலாம். முதல் போனால் எல்லாம் போயிற்று. வீடு, வளவு என்று வைத்திருந்த முதலை ஒரே நாளில் இழந்து வந்தவர்கள் நாம். ஏழு வருடச் சேமிப்பின் பெறுமதியை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பூசைக்குக் கடைப்பூவோ எமது தோட்டத்துப் பூவோ போதும். வரும் மே மாதத்தில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்வோம். பாதையை விட்டு இறங்காமல், ட்ரவுட் லில்லிகளில் ஒற்றை இலை எத்தனை, இரட்டை இலை எத்தனை என்று எண்ணச் சொல்வோம். நம்மைப்போலவே சேமித்துக்கொண்டிருப்பவை எவ்வளவு என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.